இரண்டு கதவு வண்டியின் பின்சீட்டு

பழைய கார் வியாபாரிகள் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொல்லி மூன்று பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அதிகம் பேச்சு வராது என்பது காளவாசலில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, "பேச வேணாம்ணே, எழுதுங்க போதும்" என்றார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன்.

"இப்ப பயலுக எல்லாம் ஸ்போர்ட்ஸ் வண்டி கேக்குறாய்ங்க. ரெண்டு கதவுல வாங்குறதா, நாலு கதவுல வாங்குறதான்னு கடைக்குக் கடை சண்டை. நீங்க அம்புட்டு வண்டி ஓட்டிக் காட்டியிருக்கீங்க. அதைச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

இதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கல்யாணம் ஆகாதவனுக்கு ரெண்டு கதவு, குடும்பஸ்தனுக்கு நாலு கதவு. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பரவையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த நினைப்பை மாற்றியது. அதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஜமால் ராவுத்தர் கடையில் வண்டி கழுவச் சேர்ந்தேன். கடை என்றால் கீற்றுக் கொட்டகையும் அதற்கு முன்னால் மண் தரையும்தான். பழைய கார்களை வாங்கி, வேலை பார்த்து, விற்பார்கள். கழுவுவதிலிருந்து பஞ்சர் ஒட்ட, பஞ்சரிலிருந்து ஸ்டியரிங் பிடிக்க என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் டிரையல் காட்டும் ஆளாக ஆனேன். வாங்க வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து திண்டுக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வருவது என் வேலை. பேச்சு வராதவனுக்கு இது தோதான வேலை. நான் வாயைத் திறக்க மாட்டேன். சும்மா இருக்க முடியாமல் வாங்க வந்தவரே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

ஜமால் பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. மதுரையில் வேறு எந்தக் கடையிலும் அப்படி நான் பார்த்ததில்லை. வண்டியை எவ்வளவு புகழ்ந்து கேட்டாலும், "முதல்ல வீட்டு ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க" என்பார். அவர்கள் வந்ததும் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்வார். என்ஜின் ஓடக் கூடாது. அவரவர் எந்த இடத்தில் உட்காரப் போகிறார்களோ அந்த இடத்தில் ஏறி உட்கார வேண்டும். கதவைச் சாத்திவிடுவோம். பிறகு டீ வரும். டீயைக் காருக்குள்ளேயே குடிக்க வேண்டும். குடிக்கிறவர் முழங்கை பக்கத்து ஆள் மேல் இடிக்கிறதா, தலை கூரையைத் தொடுகிறதா, முட்டி முன்சீட்டில் முட்டுகிறதா என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். டீ முடிந்ததும் இறங்கச் சொல்வார். அவர் முக்கியமாகக் கவனிப்பது அதைத்தான்.

"ஏறும்போது ஆசையில ஏறிருவாய்ங்க தம்பி. இறங்குறப்ப பாரு. யாரு கூரையைப் பிடிச்சுத் தொங்குறா, யாரு மூச்சு வாங்குறான்னு."

வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறி இறங்கின பிறகுதான் விலைப் பேச்சு. அதற்கு முன் யாராவது அட்வான்ஸ் நீட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு தடவை நெல்பேட்டை வியாபாரி ஒருவர், நல்ல உயரம், தாழ்வான வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வந்தார். உட்கார்ந்ததும் தொப்பி கூரையில் அழுந்தியது.

"கழட்டி வச்சுக்கிறேன் பாய், அதுக்கென்ன?" என்றார்.

"வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறப்ப வெளியில தலையை நீட்டிக்கிட்டா போவீங்க?" என்றார் பாய். அந்த வண்டியை அவருக்குக் கொடுக்கவே இல்லை. வியாபாரி கோபித்துக்கொண்டு போய், அடுத்த மாதம் வந்து உயரமான வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கொட்டகையில் ஒரே சமயத்தில் இரண்டு வேகமான வண்டிகள் நின்றன. ஒன்று க்ரீம் கலரில் நாலு கதவு. பந்தயத்துக்குப் போகிற ஆசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்ஜினைப் பிரித்து வேலை பார்த்து வைத்திருந்த வண்டி. பார்க்கச் சாதுவாக இருக்கும், மிதித்தால் பறக்கும். இன்னொன்று சிவப்பு. கொடைக்கானல் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. ரெண்டே கதவு, தாழ்வான கூரை, பின்பக்கம் சரிந்து இறங்கும். முன்சீட்டை மடக்கி, குனிந்து நுழைந்தால்தான் பின்சீட்டுக்குப் போகலாம். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டையும் பார்க்கத்தான் பரவையிலிருந்து வீரணன் வந்தார். காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்தார். கூட அவருடைய அக்கா பேச்சியம்மாள். வீரணனின் மனைவி இறந்த பிறகு வீட்டை நடத்துவது அந்த அம்மாதான் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. கடைசியாக, கம்பு ஊன்றிக்கொண்டு, வீரணனின் மகன் பாண்டி. இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். அதற்கு முந்தின வருஷம் திண்டுக்கல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் லாரியைத் தாண்டும்போது விழுந்தவர். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்களாம், பிழைத்துக்கொண்டது. ஆனால் இடது முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். இதெல்லாம் வந்த கொஞ்ச நேரத்திலேயே பேச்சியம்மாள் பாயிடம் சொல்லிவிட்டார்.

"பைக் ஓட்டின வரைக்கும் போதும். இனிமே காருதான். டிரைவருக்குக்கூட எங்க ஊர்லயே ஆளைச் சொல்லியாச்சு."

பாண்டி சிவப்பு வண்டியைச் சுற்றி வந்தார். அதன் கதவைத் திறந்து, சாத்தி, மறுபடியும் திறந்து பார்த்தார்.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றார்.

பேச்சியம்மாள் குனிந்து உள்ளே பார்த்தார். "இதுக்குள்ளயா? சாக்குக்குள்ள பூனையைப் போட்டுக் கட்டின மாதிரில்ல இருக்கு. ஏண்டா, நான் எதுல ஏறுறது? டிக்கியிலயா?"

"ஸ்டைலா இருக்குல்ல அத்தை."

"ஸ்டைலு! கெடக்குற கெடையில ஸ்டைலு வேற."

வீரணன் எதையும் உரக்கச் சொல்கிறவர் இல்லை. "நாலு கதவே பார்ப்போம் பாண்டி. கல்யாணம் காட்சின்னா எல்லாரும் போகணும். நீ பின்னாடி அத்தை பக்கத்துல சாய்ஞ்சு உக்காந்துக்கலாம், காலை நீட்டிக்கிட்டு" என்றார்.

பாய் க்ரீம் வண்டிக்குக் கல் வைக்கச் சொன்னார். வீரணனும் பேச்சியம்மாளும் ஏறினார்கள். டீ வந்தது. அந்த அம்மா பின்சீட்டில் தாராளமாக உட்கார்ந்து, டம்ளரை ஆட்டிக்கொண்டே பேசி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடித்து, சிரமமில்லாமல் இறங்கினார். பாண்டி ஏறவில்லை. "நீங்க பாருங்க, நான் எதுக்கு" என்று கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றே டீ குடித்தார். அன்றைக்கு அஷ்டமி என்பதால் புதன்கிழமை வந்து அட்வான்ஸ் தருவதாக வீரணன் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பாண்டி மட்டும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கடையில் அப்போது பாயும் நானும் ஃபிட்டர் மொக்கச்சாமியும்தான் இருந்தோம். மொக்கச்சாமி கையில் எந்த வண்டியும் பேசும், அவரும் வண்டியைவிட அதிகமாகப் பேசுவார்.

"ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாக்கணும். ஆளு இல்லாத இடமா" என்றார் பாண்டி. ஏன் என்று பாய் கேட்கவில்லை. இரண்டு சாவியையும் எடுத்துக் கொடுத்தார்.

க்ரீம் வண்டியை நானும் சிவப்பு வண்டியை மொக்கச்சாமியும் ஓட்டிக்கொண்டு ஆனையூர்ப் பக்கம் போனோம். அப்போது அங்கே இத்தனை வீடுகள் கிடையாது. கண்மாய்க் கரையை ஒட்டி அகலமான மண் பாதை. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அன்றைக்கு இல்லை.

முதலில் க்ரீம் வண்டி. பாண்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உடம்பு உள்ளே போனது. இடது காலை உள்ளே எடுக்கும்போது அது கதவுத் திறப்பின் முன்பக்கத்தில் போய் முட்டியது. மடங்கினால்தானே உள்ளே போகும்? சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தேன். இப்போது கால் நுழைய இடம் கிடைத்தது. ஆனால் பின்னால் போன சீட்டு, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் இருக்கும் நடுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் தோளும் இடுப்பும் தூணில் இடித்தன. சீட்டை முன்னால் இழுத்தால் கால் போகாது, பின்னால் தள்ளினால் ஆள் போக முடியாது. திரும்பத் திரும்ப முயன்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உதவிக்குக் கை நீட்டினேன். "வேணாம்" என்றார்.

மொக்கச்சாமி கீழே உட்கார்ந்து சீட்டின் அடியைப் பார்த்தார். "சீட்டை எம்புட்டு வேணாலும் தள்ளித் தர்றேன் மாப்ள. தூணை எங்குட்டுத் தள்ளுறது?"

பிறகு சிவப்பு வண்டி. ரெண்டு கதவு வண்டியில் கதவு நீளம். பின்சீட்டுக்காரனும் அதே வழியாக நுழைய வேண்டும் என்பதற்காக நடுத் தூணை நன்றாகப் பின்னால் வைத்திருப்பார்கள். சீட்டைக் கடைசி வரை தள்ளினேன். பாண்டி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் இடது தொடையைத் தூக்கி உள்ளே வைத்தார். போய்விட்டது. கிளட்ச் மேல் பாதம் வைத்து அழுத்தினார். சீட்டு அவ்வளவு பின்னால் இருந்ததால், மடங்குகிற கொஞ்சமே அதற்குப் போதுமாக இருந்தது. கார் லைசென்ஸும் அவரிடம் முன்பே உண்டு. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பாதை முடிகிற இடம் வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இரண்டாவது முறை கியர் மாற்றுகிற சத்தமே கேட்கவில்லை. மூன்றாவது முறை புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் பக்கத்தில் வழக்கம்போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவரே சொன்னார்.

"வீட்டுல இதைச் சொல்லிறாதீங்கண்ணே. ஸ்டைலுக்குக் கேக்குறேன்னே நெனைக்கட்டும்."

"சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நல்லாப் புரிஞ்சுக்குவாங்க. கால் வரலைன்னு தெரிஞ்சா பாவம்னு சொல்லி டிரைவரைப் போட்டுருவாங்க. அம்புட்டுதான். காலம் பூரா பின்சீட்டு. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தப்ப ஒண்ணே ஒண்ணுதாண்ணே நெனச்சேன். மறுபடி நானே ஓட்டி மண்டிக்குப் போகணும்."

யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். கரையில் நின்ற மொக்கச்சாமியும் கேட்டு ஒப்புக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதன்கிழமை மூவரும் வந்தார்கள். வீட்டில் வாக்குவாதம் நடந்து முடிந்திருக்க வேண்டும். பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வீரணன் நேராகப் பாயிடம் போனார்.

"க்ரீம் வண்டியே இருக்கட்டும் பாய். எல்லாரும் உக்காந்து பாத்தாச்சு. விலையைச் சொல்லுங்க."

பாண்டி ஏறாததை மறந்து, பாய் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெஞ்சில் வெற்றிலைத் தட்டு வந்தது. வீரணன் மடியை அவிழ்த்தார். வியாபாரம் முடிகிற நேரத்தில் கடை ஆள் குறுக்கே பேசுவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. அதற்காக வேலை போனவர்கள் உண்டு. பாண்டியிடம் கொடுத்த வாக்கும் இருந்தது. ஆனால் அவர் சொல்லக் கூடாது என்றது காலைப் பற்றி. காலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

"பாய், இன்னும் ஒருத்தர் ஏறலை" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாய் என்னைப் பார்த்தார், பாண்டியைப் பார்த்தார், நீட்டிய பணத்தைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆமா. தம்பி சொல்றது சரி. உங்க மகன் இன்னும் ஏறி இறங்கலை. அது இல்லாம நான் வாங்க மாட்டேன்."

"அவன் எங்கே உக்காந்தா என்ன, பின்னாடிதானே" என்றார் பேச்சியம்மாள்.

"எங்க உக்காரணும்னு அவருதானம்மா சொல்லணும்."

பாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்தான் இருந்தது. அப்புறம் கம்பைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டு, க்ரீம் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தார்.

கண்மாய்க் கரையில் நடந்ததெல்லாம் மறுபடி நடந்தது. இந்த முறை பார்க்க அப்பா இருந்தார், அத்தை இருந்தார், பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கால் போய் முட்டியது. வீரணன் ஓடினார்.

"தொடாதீங்கப்பா."

சீட்டைத் தள்ளி, தோளை நுழைக்கப் பார்த்து, இறங்கினார். கம்பைக்கூட எடுக்காமல் வண்டிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து சிவப்பு வண்டிக்குப் போனார். நீளக் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். தொடையைத் தூக்கி உள்ளே வைத்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

மொக்கச்சாமி கம்பை எடுத்துவந்து அவர் சீட்டோரம் வைத்தார்.

வீரணன்தான் மெதுவாகச் சொன்னார்: "அதுக்குத்தானப்பா டிரைவரு. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"டிரைவர் வேணாம்."

"பாண்டி..."

"வேணாம்பா. வண்டியே வேணாம். பஸ்ஸுல போய்க்கிறேன்."

பேச்சியம்மாள் அதுவரை அசையவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். சிவப்பு வண்டியின் இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"ஏய் தம்பி, இந்தச் சீட்டை எப்படி மடக்குறது?" என்று என்னைக் கேட்டார். மடக்கிக் கொடுத்தேன். முதலில் தலையைக் கொடுத்தார், முடியவில்லை. வெளியே வந்தார். திரும்பி நின்று, முதுகை உள்ளே கொடுத்து, வாசல்படியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார். கொண்டை கூரையில் உரசி அவிழ்ந்தது. வளையல் ஒன்று எங்கோ மாட்டி நெளிந்தது. டிரைவர் சீட்டு கடைசி வரை பின்னால் இருந்ததால் அந்தப் பக்கம் இடமே இல்லை. இடது மூலையில் முழங்கால்களைச் சேர்த்து வைத்து ஒடுங்கி உட்கார்ந்தார்.

"அக்கா, நீ எதுக்கு?" என்றார் வீரணன்.

"எதுக்கா? ஏறியாச்சு. இனி இறங்க முடியாது. இவன் வீட்டுல கொண்டுபோய் விட்டாத்தான் இறங்குவேன்." பாண்டியின் தோளில் பின்னாலிருந்து ஒரு அடி வைத்தார். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா? ஸ்டைலாம் ஸ்டைலு."

"சொன்னா டிரைவரைப் போடுவீங்க."

"போட்டுத்தான் இருப்பேன். இப்ப எடுடா வண்டியை."

"அத்தை, ரோட்டுல கூட்டமா இருக்கு. இன்னைக்கு வேணாம்."

"மூச்சு முட்டுது. எடுக்குறியா, கத்தட்டுமா?"

பாய் நீட்டிய சாவியைப் பாண்டி வாங்கித் திருப்பினார். முதல் தடவை கிளட்சை அவசரமாக விட்டுவிட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மொக்கச்சாமி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இரண்டாவது முறை என்ஜின் பிடித்தது.

"வீரணா, நீ பஸ்ஸுல வாரியா?" என்றது பின்சீட்டு.

வீரணன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மடக்கிய சீட்டை நிமிர்த்தி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மகன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். வண்டி மண் தரையைத் தாண்டி ரோட்டு ஓரத்தில் நின்று, ஒரு மாட்டு வண்டிக்கும் ஒரு லாரிக்கும் வழி விட்டு, பரவைப் பக்கம் திரும்பியது. அவசரமில்லாமல் போனது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "பாய், அட்வான்ஸ் வாங்கலையே!"

பாய் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏறித்தானே இருக்காங்க. இன்னும் இறங்கலையே. இறங்கட்டும், வாங்கிக்குவோம்."

மறுநாள் காலையில் சிவப்பு வண்டி கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. வீரணன் முன்சீட்டில் இருந்தார். பின்சீட்டின் இடது மூலையில் பேச்சியம்மாள், கொண்டையைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு. டிரைவர் கதவு அகலமாகத் திறந்தது. பாண்டிதான் முதலில் இறங்கினார். யாரும் கை கொடுக்கப் போகவில்லை.